சூரியப் பம்பின் சுழல் தாங்கியும் காற்றின் வலிமையும்

கவலையும் ஏற்றமும் கொண்டு நீர் இறைத்த காலம் போய், எண்ணெய் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்தன. இப்பொழுது சூரிய ஒளியினால் ஓடும் பம்புகள் நமது கிணறுகளின் மேட்டில் இடம் பெற்று வருகின்றன. 2019-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் என்னும் திட்டத்தின் கீழும், அதற்கு முன்னும் பின்னும் நமது நாட்டில் நடைபெற்ற மானியத் திட்டங்களின் கீழும், குடியானவர்கள் பலர் இப்பம்புகளை அமைத்துக் கொண்டிருக்கின்றனர். மின்சார இணைப்புக்குக் காத்திராமலும், டீசலுக்குச் செலவிடாமலும், பகற்பொழுதில் நீர் கிடைப்பது பெரிய அனுகூலமே. ஆயினும், பம்பு வாங்கும்போது மோட்டாரின் குதிரைச் சக்தியையும், குழாயின் அளவையும், மானியத் தொகையையும் நன்கு விசாரிக்கின்ற குடியானவர், சூரியத் தகடுகளைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தகடுகள் இருபத்தைந்து ஆண்டு உழைக்கக் கூடியவை. அவற்றைத் தாங்கும் சட்டமோ ஒரு நாழிகைக் காற்றில் சாய்ந்துவிடக் கூடும். சட்டம் சாய்ந்தால் தகடும் போய், நீரும் நின்று, நீரை நம்பி நிற்கும் பயிரும் வாடும். ஆதலின், சூரியனைத் தொடர்ந்து திரும்பும் வகைத் தாங்கிகளின்மேல் காற்று எவ்வாறு வேலை செய்கின்றதென்பதையும், அதற்கென ஏற்பட்டுள்ள கட்டுமான விதிகள் யாவை என்பதையும், அவற்றைக் கொண்டு நாம் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளையும் இங்குக் கூறுவோம்.

சுழல் தாங்கி என்பது யாது?

சூரியத் தகடுகளை அமைக்கும் முறை பொதுவாக இரு வகைப்படும். ஒன்று நிலைத் தாங்கி. இதில் தகடுகள் தெற்கு நோக்கிச் சிறிது சாய்வாக, ஏறக்குறைய 10 முதல் 15 பாகைச் சாய்வில், அசையாமல் பொருத்தப்படும். மற்றொன்று சுழல் தாங்கி. குடியானவர்கள் டிராக்கர் என்று வழங்குவது இதனையே. காலையில் கிழக்கு நோக்கியும், உச்சியில் வானை நோக்கியும், மாலையில் மேற்கு நோக்கியும் தகடுகள் திரும்பும். ஓரச்சுத் தாங்கி கிழக்கு மேற்காக மட்டும் திரும்பும். ஈரச்சுத் தாங்கி வடக்கு தெற்காகவும் சாய்வை மாற்றிக் கொள்ளும். திருப்பும் வேலையைச் சிறு மோட்டார் செய்வதும் உண்டு. ஒரு நாளில் மூன்று முறை கையால் திருப்பி ஊசி செருகி வைக்கும் எளிய அமைப்பும் உண்டு.

நமது நாடு வட அட்ச ரேகை 8 முதல் 13½ பாகைக்குள் அடங்கியிருப்பதால், ஆனி மாதத்தில் உச்சிச் சூரியன் நமது தலைக்குச் சற்று வடக்காகவும், மார்கழியில் தெற்கே நன்கு சாய்ந்தும் செல்கின்றது. எனினும் இந்த வடக்கு தெற்கு மாற்றத்தினும் கிழக்கு மேற்குத் திருப்பமே நமக்கு அதிகப் பயன் தருவது. சுழல் தாங்கியினால் ஆண்டு முழுமைக்கும் கிடைக்கும் மின்சக்தி, நிலைத் தாங்கியில் கிடைப்பதைவிட, ஓரச்சு அமைப்பில் 100-க்கு 15 முதல் 20 வரையிலும், ஈரச்சு அமைப்பில் 100-க்கு 25 முதல் 30 வரையிலும், இடத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப, மிகுதிப்படும். பம்பு வைத்திருப்பவருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குறிப்பிட்ட அளவு சக்தி வந்தாலன்றி மோட்டார் நீரை மேலேற்றாது. தகடு காலையிலேயே சூரியனை நேர்நோக்கி நிற்குமாயின், அந்த அளவு விரைவில் எட்டப்படும். மாலையிலும் நெடுநேரம் நீடிக்கும். நீர் பாய்ச்சும் நேரம் நீளுவதே குடியானவர் கண்ணுக்குத் தெரியும் லாபம்.

இந்த லாபத்திற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கேட்பது காற்று.

காற்றின் கணக்கு

களத்தில் நெல் தூற்றும் பெண்டிர் இதனை நன்கு அறிவர். முறத்தைக் காற்றுக்கு விளிம்பு காட்டிப் பிடித்தால் கை நோவதில்லை; முகம் காட்டிப் பிடித்தால் முறம் கையைப் பின்னுக்குத் தள்ளும். சூரியத் தகடுகள் பொருத்திய சட்டமும் ஒரு பெரிய முறமே. ஐந்து குதிரைச் சக்திப் பம்பு ஒன்றுக்கு வேண்டிய தகடுகளின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடிக்குச் சற்று மேற்பட்டது. ஒரு சிறு வீட்டின் கூரைக்குச் சமானமான இப்பரப்பை வெட்டவெளியில் நிறுத்துகின்றோம். நிலைத் தாங்கியில் 10 பாகைச் சாய்வாக நிற்கும்போது கிடைமட்டமாக வரும் காற்றுக்கு இது காட்டும் முகம் சுமார் 5 சதுர மீட்டரே. சுழல் தாங்கியில் காலையிலும் மாலையிலும் 45 பாகை சாய்ந்து நிற்கும்போது அதே தகடுகள் காட்டும் முகம் சுமார் 21 சதுர மீட்டர். முகம் நான்கு மடங்காகின்றது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் இரட்டிப்பதன்று, நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. பொறியாளர் கையாளும் கணக்கின்படி, காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் அழுத்தம் வருமாறு:

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 6 கிலோ.
மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 24 கிலோ.
மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 55 கிலோ.
மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 93 கிலோ.
மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 106 கிலோ.
மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 153 கிலோ.

இவ்வடிப்படை அழுத்தத்தைத் தகட்டின் சாய்வுக்கும் வடிவத்துக்கும் உரிய எண்ணால் பெருக்கிய பின்னரே முடிவான பாரம் கிடைக்கும். எனினும் இதைக் கொண்டே ஒரு மதிப்பு அறியலாம். தகட்டின் சொந்த எடை ஒரு சதுர மீட்டருக்கு 11 கிலோ அளவுதான். கீழிருந்து புகும் காற்று முழு வலிமையோடு தூக்குமாயின், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்திலேயே அது தகட்டின் எடைக்குச் சமமாகிவிடும். ஆகவே பலமான காற்றில் தகட்டைத் தரையோடு இருத்தி வைப்பது அதன் எடையன்று. நட்டும், போல்ட்டும், தூணும், அஸ்திவாரக் கான்கிரீட்டுமே. "கனமான இரும்பு, எங்கே போகும்?" என்று சொல்வோர் இக்கணக்கை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

விதிகள் கூறுவது

நமது தேசத்தில் கட்டடங்களும் கோபுரங்களும் தாங்க வேண்டிய காற்றைப் பற்றிக் கூறுவது ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகம். 1987-ல் வெளிவந்த இது 2015-ல் திருத்தப்பட்டது. இதில் தேசம் முழுவதும், விநாடிக்கு 33 மீட்டர் முதல் 55 மீட்டர் வரை, ஆறு காற்று மண்டிலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இங்குக் கூறும் வேகமாவது, தடையற்ற வெளியில் தரைக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில், மூன்று விநாடி நேரம் வீசும் வீச்சின் வேகம். அதுவும் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது. கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு 169 கிலோமீட்டர். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

இந்த வேகத்தை அப்படியே எடுத்துக் கொள்வதில்லை. அமைப்பு எத்தனை ஆண்டு நிற்க வேண்டும், சுற்றிலும் மரமும் கட்டடமும் உண்டா வெட்டவெளியா, அருகே குன்றோ மேடோ உண்டா என்பவற்றிற்கெல்லாம் தனித்தனிப் பெருக்கெண்கள் உண்டு. 2015-ம் ஆண்டுத் திருத்தத்தில், கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரையுள்ள பட்டைக்குப் புயலை முன்னிட்டு மற்றொரு பெருக்கெண்ணும் சேர்க்கப்பட்டது. சாதாரணக் கட்டடங்களுக்கு இது 1. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 1.15, புயலுக்குப் பின்னும் பணிசெய்ய வேண்டிய முக்கிய அமைப்புகளுக்கு 1.30.

இனிக் கவனிக்க வேண்டியது யாதெனில், சூரியப் பம்புகளுக்காக மத்திய சர்க்காரின் புதுப்பிக்கத்தக்க சக்தி அமைச்சகம் வெளியிட்ட விவரக் குறிப்புகளில், தாங்கிச் சட்டம் மணிக்கு 150 கிலோமீட்டர் வரையிலான காற்றைத் தாங்க வேண்டுமென்று கூறப்பட்டுள்ளது. சட்டம் துத்தநாக முலாம் பூசியதாயிருத்தல் வேண்டும் என்பதும், முலாமின் கனம் குறைந்தது 80 மைக்ரான் இருத்தல் வேண்டும் என்பதும் அக்குறிப்புகளில் உள்ளவை. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் 150 கிலோமீட்டர் என்பது விதியின் அடிப்படை வேகத்திற்கு மேற்பட்டதே. ஆனால் 180 கிலோமீட்டர் மண்டிலத்தில், அடிப்படை வேகமே அதனைக் கடக்கின்றது. வேகத்தில் வித்தியாசம் 100-க்கு 20 தான். அழுத்தத்தில் வித்தியாசம் 100-க்கு 44. ஆகவே கடலோரத்துக் குடியானவர் "150 தாங்கும்" என்ற சொல்லோடு திருப்தியடையாமல், தமது ஊரின் மண்டிலத்துக்குரிய கணக்கைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

தகட்டுக்கும் ஒரு விதி உண்டு. ஐ.எஸ். 14286 என்னும் விதியின்படி நடக்கும் சோதனையில் தகட்டின் பின்புறத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 245 கிலோ பாரம் ஏற்றிப் பார்க்கின்றனர். ஆனால் தயாரிப்பாளர் குறித்த இடங்களில் பிடிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்தால்தான் அந்தச் சோதனை நமக்குப் பொருந்தும். நான்கு பிடிப்பான் வேண்டிய இடத்தில் மூன்று போட்டு, நான்காவதைப் பையில் போட்டுக் கொண்டு போகும் வேலையாளினால், சோதனைச் சாலையில் தேறிய தகடு வயலில் தவறிவிடும்.

சுழல் தாங்கிகளுக்கென்றே உலக மின்நுட்பக் குழு 2014-ல் ஐ.இ.சி. 62817 என்னும் தகுதி விதியை வெளியிட்டது. வாங்கும் தாங்கி இந்தச் சோதனையில் தேறியதா என்று கேட்பது நலம். ஆயின் விதிகளுக்கும் எல்லை உண்டு. அமெரிக்க சிவில் எஞ்சினீயர்கள் சங்கத்தின் 7-22 என்னும் தொகுப்பில் தரைமேல் நிலையாகச் சாய்த்து வைக்கும் தகடுகளுக்குக் காற்றுக் கணக்கு இடம் பெற்றது. சுழல்வன அதில் அடங்கவில்லை. நமது விதியிலும் தனித்து நிற்கும் கூரைகளுக்குக் கூறிய கணக்கையே பொறியாளர் பெரும்பாலும் கையாளுகின்றனர். காரணம், சுழல் தாங்கியின் சாய்வு வேளைக்கு வேளை மாறுவதுதான். எந்தச் சாய்வில் எந்தத் திசைக் காற்றுப் பட்டால் பாரம் மிகும் என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் சிறு உருவம் வைத்துச் சோதித்தே அறிகின்றனர்.

நமது நாட்டுக் காற்றுகள் மூன்று

முதலாவது ஆடிக் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. தென்மேற்குப் பருவக் காலத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கங்களிலும், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கத்திலும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் பக்கத்திலும், மேற்கிலிருந்து விடாது காற்று வீசுகின்றது. காற்றாலைகள் கூட்டங் கூட்டமாக நிற்கும் இடங்கள் இவையே. இக்காற்றில் ஒரே நாளில் சட்டம் முறிவது அரிது. ஆனால் நாள் தோறும் மணிக்கணக்காக ஆட்டுவதால் நட்டுகள் தளர்கின்றன, ஊசித் துளைகள் அகல்கின்றன, பற்சக்கரங்கள் தேய்கின்றன. இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மாலையில் தகடு மேற்கு நோக்கி நிற்கும்போது இக்காற்று தகட்டின் முகத்தில் பட்டுக் கீழே அழுத்தும். காலையில் தகடு கிழக்கு நோக்கி நிற்கும்போது அதே காற்று முதுகுப் புறத்தில் புகுந்து மேலே தூக்கும். ஆகவே இப்பகுதிகளில் ஆடிமாதக் காலை வேளையே அதிகக் கவனத்துக்குரியது.

இரண்டாவது கோடை இடிமழைக் காற்று. சித்திரை வைகாசியில் பிற்பகலில் மேகம் திரண்டு, மழைக்கு முன் புழுதியோடு அடிக்கும் காற்று இது. சிறு பரப்பில், சில நிமிஷமே வீசும். முன்னறிவிப்புக்கு நேரம் இராது. சுழல் தாங்கிக்கு இதனால் வரும் ஆபத்து, காற்று வரும் வேகத்துக்குத் தாங்கி திரும்பும் வேகம் ஈடுகொடாமையே.

மூன்றாவது ஐப்பசி முதல் மார்கழி வரையில் வரும் புயல். 1964-ம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை முதியோர் மறந்திரார். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ல் கடலூர்ப் பக்கத்தில் கரையேறிய தானே புயலும், 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலும் பலா, முந்திரி, தென்னைத் தோப்புகளைச் சாய்த்தன. வானிலை இலாகாவின் அறிக்கையில் இரண்டு வேகங்கள் காணப்படும்: ஒன்று நிலையாக வீசுவது, மற்றொன்று இடையிடையே மோதுவது. கட்டுமான விதி பேசுவது மோதும் வீச்சைப் பற்றியே. ஆகவே தாங்கியின் வலிமையோடு ஒப்பிட வேண்டியதும் அறிக்கையின் இரண்டாவது எண்ணையே.

காவல் நிலை

பலத்த காற்றுக் காலத்தில் சுழல் தாங்கியைக் கொண்டுபோய் நிறுத்தும் நிலையைக் காவல் நிலை என்போம். ஒற்றைத் தூணில் நிற்கும் சிறு தாங்கிகளுக்குத் தகடுகளைக் கிடையாகப் படுக்க வைப்பதே பெரும்பாலும் காவல் நிலை. முறத்தை விளிம்பு காட்டிப் பிடிப்பது போன்றது. தானே இயங்கும் தாங்கிகளில் காற்றளக்கும் கிண்ணக் கருவி ஒன்று இருக்கும். காற்றின் வேகம் குறித்த அளவை, பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டருக்குட்பட்ட ஓர் எண்ணை, எட்டியவுடன் தாங்கி தானே படுத்துக் கொள்ளும். 150 கிலோமீட்டர் தாங்கும் என்று எழுதித் தருவது பெரும்பாலும் இந்த நிலைக்கே என்பதை மறத்தலாகாது. 45 பாகை சாய்ந்து நிற்கும்போது அதே தாங்கி தாங்கும் வேகம் வெகு குறைவு.

இங்கு நான்கு இடங்களில் தவறு நேர்கின்றது. கிண்ணக் கருவியில் குளவி கூடு கட்டியோ தூசி அடைத்தோ அது சுழலாது நிற்றல். கருவியை மரத்தின் மறைவில் பொருத்துதல். மேகம் மூடிய வேளையில் திருப்பும் மோட்டாருக்குச் சக்தி இல்லாமற் போதல். பழுதான திருப்பு மோட்டாரைப் பழுது பாராமல், தகடுகளை ஏதோ ஒரு சாய்வில் கயிற்றால் கட்டி விடுதல். கடைசியிற் கூறியது எல்லாவற்றினும் கேடு. நிலைத் தாங்கிக்குரிய பலமும் இன்றி, சுழல் தாங்கிக்குரிய காவலும் இன்றி நிற்கும் சட்டம் அது.

கையால் திருப்பும் தாங்கியில் கருவியும் மோட்டாரும் இல்லை, ஆளே காவல். மாலையில் மேற்கு நோக்கியிருக்கும் தகட்டை அப்படியே விட்டு வீடு திரும்புவது வழக்கமாகக் காணப்படுகின்றது. வேலை முடிந்ததும் தகட்டைக் கிடையாக்கி, ஊசியைச் செருகி, ஊசியின் பூட்டுக் கம்பியை மாட்டிவிட்டுச் செல்லுதல் வேண்டும். தொலைந்த ஊசிக்குப் பதில் ஆணியோ மரக்குச்சியோ செருகுதல் கூடாது.

நீண்ட வரிசைத் தாங்கிகள்

குசும் திட்டத்தின் ஒரு பிரிவில், தரிசு நிலத்தில் அரை மெகாவாட் முதல் இரண்டு மெகாவாட் வரையிலான மின்நிலையங்கள் அமைக்கவும், அதற்கு நிலத்தைக் குத்தகைக்கு விடவும் இடமுண்டு. அங்கு ஒரு நீண்ட இரும்புக் குழாயின்மேல் தகடுகளை வரிசையாகப் பொருத்தி, நடுவில் ஒரு மோட்டாரால் திருப்பும் ஓரச்சுத் தாங்கிகளைக் காணலாம். இவற்றிற்கு வேறொரு நோய் உண்டு. குழாயின் நடு பிடிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் தளர்ந்திருக்கும். காற்றில் முனைகள் முறுக்குண்டு, திரும்பி, மறுபடி முறுக்குண்டு, ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக் கொள்ளும். இத்தகைய ஆட்டம் சாதாரண பலக் கணக்கில் பிடிபடுவதில்லை. அமெரிக்காவில் 1940-ம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட டகோமா தொங்கு பாலம், அதே ஆண்டு நவம்பர் 7-ல், மணிக்கு 67 கிலோமீட்டர் அளவான காற்றிலேயே முறுக்கி முறுக்கி ஆடி விழுந்தது. அதற்கு மிகவும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குமென்று கணக்கிட்டே அது கட்டப்பட்டிருந்தது. நீண்ட வரிசைத் தாங்கிகளில், கிடையாகப் படுக்க வைத்தலே இந்த முறுக்காட்டத்துக்கு இடம் கொடுக்கக் காணப்பட்டது. எனவே சில தயாரிப்பாளர் இப்போது காவல் நிலையையே சாய்வாக வைக்கின்றனர். ஆட்டத்தைத் தணிக்கும் எண்ணெய்த் தண்டுகளையும் பொருத்துகின்றனர். ஆகவே "படுக்க வைத்தால் போதும்" என்பது எல்லாத் தாங்கிக்கும் பொது விதியன்று. அந்தந்தத் தயாரிப்பாளரின் கைப்புத்தகம் கூறுவதே அந்தந்தத் தாங்கிக்கு விதி.

அஸ்திவாரமும் மண்ணும்

காற்று தள்ளும் தள்ளு முழுவதும் கடைசியில் மண்ணுக்கே வந்து சேருகின்றது. 30 சதுர மீட்டர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 93 கிலோ வீதம் பாரம் விழுந்தால் மொத்தம் 2,790 கிலோ. ஒற்றைத் தூணின் உச்சி தரைக்கு மேல் 3 மீட்டர் இருக்குமாயின், கடப்பாறையால் கல்லைப் புரட்டுவது போல இப்பாரம் அஸ்திவாரத்தைப் புரட்டப் பார்க்கும். தகடுகளை இரண்டு மூன்று தூண்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். நிலைத் தாங்கிக்குக் கால்கள் பலவும், உயரம் குறைவாகவும் இருப்பதால் புரட்டும் பலம் மிகக் குறைவு.

கரிசல் மண் கோடையில் வெடித்து, மழையில் உப்பும். குழியை வெடிப்பின் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோகாவிடில் தூண் ஆண்டுக்கு ஆண்டு சாயும். கடலோர மணலுக்குப் பிடிமானம் குறைவு; குழி அகலமாயிருத்தல் வேண்டும். நன்செய் நிலத்தில் புயல் வரும் காலமும் மண் ஊறிக் குழைந்திருக்கும் காலமும் ஒன்றே. ஆதலால் கூடுமானவரை வயலின் நடுவை விட்டு மேட்டில் அமைப்பதே நலம். செம்மண்ணுக்குக் கணக்கிட்ட குழியை மற்ற மண்ணிலும் வெட்டிவிட்டுப் போக ஒப்பந்தக்காரரை அனுமதித்தல் கூடாது.

எதனைத் தெரிந்துகொள்வது?

சுழல் தாங்கி வேண்டாமென்று கூறுவது நமது கருத்தன்று. இடத்தைப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும் என்பதே கருத்து. கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கு உட்பட்ட கிராமங்களில், உயரம் குறைந்த நிலைத் தாங்கியே பொதுவாகப் பத்திரமானது. சுழல் தாங்கியினால் வரும் 100-க்கு 25 அதிகத்தை, நிலைத் தாங்கியில் கூடுதலாக மூன்று நான்கு தகடுகளைச் சேர்த்தும் ஏறக்குறைய அடையலாம். தகட்டின் விலை 2010-க்குப் பின் வெகுவாகக் குறைந்திருப்பதால் இம்முறை கைகூடத்தக்கதே. பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி அத்தனை தகடுகளை ஏற்குமா என்பதை மட்டும் பொறியாளரிடம் கேட்டுக் கொள்ளல் வேண்டும். கணவாய்க் காற்றுப் பகுதிகளில் சுழல் தாங்கி வைப்போர், மாதந்தோறும் பார்வையிட ஆள் உண்டா என்று முதலில் யோசித்தல் வேண்டும். சேலம், தருமபுரி போன்ற உள்நாட்டு ஜில்லாக்களில், நன்கு அமைத்துப் பராமரித்தால் சுழல் தாங்கி லாபமே தரும்.

செய்யத்தக்கவை

1. வாங்குமுன், ஊரின் காற்று மண்டிலம், அதற்குரிய பாரக் கணக்கு, காவல் நிலைச் சாய்வு, தானே படுக்கும் வேகம் ஆகிய நான்கையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். சாய்ந்த நிலையில் எத்தனை வேகம் தாங்கும் என்பதையும் கேட்டல் வேண்டும்.

2. குழி வெட்டும் நாளிலும் கான்கிரீட் போடும் நாளிலும் குடியானவர் நேரில் இருந்து, குழியின் நீள அகல ஆழத்தைப் படத்தோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

3. பொருத்தி முடிந்தவுடன், ஒவ்வொரு நட்டின் மீதும் அதனை ஒட்டிய சட்டத்தின் மீதும் சேர்த்து வர்ணத்தால் ஒரு நேர்கோடு இடுதல் வேண்டும். நட்டுத் தளர்ந்தால் கோடு இரண்டாக விலகித் தெரியும். செலவில்லாத இந்த அடையாளம் மாதப் பார்வைக்குப் பெருந் துணை.

4. மாதம் ஒருமுறை கிண்ணக் கருவியைக் கையால் சுழற்றிப் பார்த்து, தாங்கி படுக்கின்றதா என்று சோதித்தல் வேண்டும். ஆனி பிறக்குமுன்னும் ஐப்பசி பிறக்குமுன்னும் முழுப் பரிசோதனை நடத்துதல் அவசியம்.

5. துரு கண்ட இடத்தை உடனே சுரண்டித் துத்தநாக வர்ணம் பூசுதல் வேண்டும். உப்புக் காற்றுள்ள கடலோரத்தில் இது மிக முக்கியம்.

6. புயல் எச்சரிக்கை வந்தவுடன், காற்று எழும்வரை காத்திராமல், பகலிலேயே தாங்கியைக் காவல் நிலைக்குக் கொணர்ந்து, தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை அணைத்து, அருகிலுள்ள தளர்ந்த ஓலை, தகரம், பலகைகளை அப்புறப்படுத்தல் வேண்டும். பறந்து வரும் தகரம் தகட்டுக்குக் காற்றினும் பகை.

7. புயலின் நடுவில் காற்றுச் சட்டென்று ஓய்ந்தால் வெளியே செல்லலாகாது. புயலின் கண் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் முழு வேகத்தோடு வீசும்.

8. உடைந்த தகடும் வெயில் பட்டால் மின்சாரம் தரும். நனைந்த கையாலும், ஈர நிலத்தில் நின்றும் அதனைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து. ஒப்பந்தக்காரரின் மின்வேலையாள் வரும்வரை சிறுவரையும் கால்நடைகளையும் அண்டவிடாது காத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அதிகாரிகள் தமது எல்லைக்குட்பட்ட சூரியப் பம்புகளின் புல எண், குதிரைச் சக்தி, தாங்கியின் வகை, அமைத்த தேதி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பாராயின், புயலுக்குப் பின் சேதக் கணக்கெடுப்பு எளிதாகும். பம்பு அமைக்கும் ஒப்பந்தங்களில் ஐந்தாண்டுப் பராமரிப்பும், இயற்கைச் சேதத்துக்கும் திருட்டுக்கும் இன்ஷூரன்ஸும் அடங்கியுள்ளனவா என்று குடியானவர்களைப் பார்த்துக் கொள்ளச் சொல்லுதலும், காலக்கெடு முடியுமுன் நினைவூட்டுதலும் நலம். சேதம் நேர்ந்தவிடத்துச் சட்டத்தை அப்புறப்படுத்துமுன், சாய்ந்த நிலையிலேயே அஸ்திவாரமும் நட்டுகளும் தெரியும்படி படம் பிடித்து வைக்கச் செய்தல் வேண்டும். அஸ்திவாரம் பெயர்ந்ததா, தூண் வளைந்ததா, பிடிப்பான் கழன்றதா என்பதைக் கொண்டே குற்றம் காற்றினுடையதா வேலையினுடையதா என்று பின்னர் அறிய முடியும். ஈடு கிடைப்பதும் கிடையாததும் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பொறுத்தது.

சூரியன் தரும் சக்திக்கு விலை இல்லை. அதனை ஏந்தும் தாங்கிக்கே விலை. காற்றின் வலிமையை முன்னரே கணக்கிட்டு, மண்ணுக்கேற்ற அஸ்திவாரமிட்டு, மாதந்தோறும் நட்டையும் ஊசியையும் பார்த்து வருபவர் வயலில், புயலுக்கு மறுநாள் வெயில் எழுந்தவுடன் பம்பு ஓடும். அண்டையில் மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் வராத அந்நாட்களில், வீட்டுக்கும் கால்நடைக்கும் ஊராருக்கும் குடிநீர் தரவல்லது அப்பம்பு ஒன்றே. குடியானவர்கள் இதனை மனத்திற் கொண்டு, ஐயமுள்ள இடங்களில் தமது தாலுகாவிலுள்ள வேளாண்மைப் பொறியியல் இலாகா அலுவலரைக் கலந்துகொண்டு நன்மையடைவார்களாக.